சின்ன ஃபைல் ஓடுது, பெரிய ஃபைல் தொங்குது: பைத்தான் வெயிட் சிக்கல்

வீடியோவை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றும் எஃப்எஃப்எம்பெக் புரோகிராமை பைத்தானில் இருந்து பாபென் (Popen, வேறு புரோகிராமைத் தொடங்கும் வசதி) வழியாக ஓட்டி, எஸ்டிடி-எர்ரை (stderr, பிழை, நிலைச் செய்திகள் வரும் வழி) பைப்புக்கு, அதாவது இரண்டு புரோகிராம்களுக்கு நடுவே தகவல் போகும் குழாய்க்குத் திருப்பி, அது முடியும்வரை காத்திருக்க வெயிட் (wait) போட்டிருந்தேன். சின்ன ஃபைல் எல்லாம் ஒழுங்காக முடிந்தது, பெரியது வந்தால் அப்படியே நின்றுவிடும். டாப் (top) கமாண்டில் பார்த்தால் சிபியு பூஜ்யம், பிழைச் செய்தியும் கிடையாது. விஷயம் என்னவென்றால், எஃப்எஃப்எம்பெக் தன் லாக் (log, செயல் பதிவு) முழுவதையும் எஸ்டிடி-எர்ரில்தான் கொட்டும். லினக்ஸில் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 64 கேபி, அது நிரம்பியதும் யாராவது படித்து இடம் விடும்வரை எஃப்எஃப்எம்பெக் காத்திருக்கும், நம் வெயிட்டோ எஃப்எஃப்எம்பெக் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கும். வெயிட்டுக்குப் பதில் கம்யூனிகேட் (communicate) போட்டேன், அது படித்துக்கொண்டே காத்திருக்கும், சரியாகிவிட்டது. எஸ்டிடி-எர்ரை டெவ்நல்லுக்கும் (DEVNULL, வருவதை எல்லாம் தூக்கிப்போடும் இடம்) திருப்பலாம்தான், ஆனால் ஏதாவது சொதப்பினால் காரணமே தெரியாது, எனக்கு ஒத்துவராது. அப்புறம், டைம்அவுட் கொடுத்தால் நேரம் தாண்டியதும் கம்யூனிகேட் எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பை) மட்டும்தான் எழுப்பும்; ஓடுகிற புரோகிராமை நாம்தான் கில் செய்துவிட்டு (kill, வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டு) இன்னொரு முறை கம்யூனிகேட்டைக் கூப்பிட வேண்டும்.