மார்கழியில் வடசென்னையில் வண்டி ஓட்டப் போகிறீர்களா? ஹெல்மெட் கண்ணாடியைக் கவனியுங்கள்

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் பெட்டி கட்டும்போது குளிரைப் பற்றி நினைப்பதே இல்லை. சென்னையில் ஏது குளிர்? மார்கழி விடியலில்கூட 21 முதல் 23 டிகிரிதான். நானும் அப்படித்தான் வந்தேன். பர்மிங்காமில் பனிக்காலம் முழுக்க பைக்கில் வேலைக்குப் போய்வருகிறவனுக்கு, திருவொற்றியூரிலிருந்து காசிமேடு போய் மீன் வாங்கிவர என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது?

காலை ஐந்து மணிக்கு முன்பே அத்தை மகனின் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிய ஆரம்பித்தது. எதிரே ஒரு லாரி வந்தது. அதன் ஹெட்லைட் வெளிச்சம் அந்த ஆவியில் பட்டு, கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளை. துறைமுகத்துக்குப் போகக் காத்திருந்த டிரெய்லர் ஒன்று பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நின்றிருந்தது. கண்ணாடியை மேலே தூக்கியபோதுதான் அதைப் பார்த்தேன். பக்கத்தில், மிகப் பக்கத்தில். வண்டி நின்றுவிட்டது. ஆனால் கை நடுக்கம் அடங்க நேரமாயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் விடுகிற மூச்சு 34 டிகிரி அளவில், நீராவி நிறைந்து வெளியே வருகிறது. அதைவிடக் குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் பொடித் துளிகளாகப் படிந்துவிடும். லண்டனானாலும் டொராண்டோவானாலும் திருவொற்றியூரானாலும் இது ஒன்றுதான். வித்தியாசம் படிந்தது காய்வதில் இருக்கிறது. பர்மிங்காமின் 4 டிகிரிக் குளிர்காற்று ஒரு கனமீட்டருக்கு 6 கிராம் அளவே நீராவி தாங்கும். அந்தக் காற்று ஹெல்மெட்டுக்குள் வந்து முகச்சூட்டில் வெதுவெதுப்பானதும் காய்ந்த காற்றாகிவிடுகிறது. கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்தால் போதும், ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நமக்கெல்லாம் அங்கே கைவந்த பழக்கம் அது. சென்னையில் அந்த நேரத்துக் காற்று 23 டிகிரி, கனமீட்டருக்கு 20 கிராம் தாங்கும், அதில் பெரும்பகுதி ஏற்கனவே நிரம்பியிருக்கும். அந்தக் காற்று எந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும்? திறந்து வைத்தாலும் மெதுவாகத்தான் தெளியும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருப்பதால், மழை நாளில் இன்னும் மோசம்.

ஏசி அறைதான் யாரும் சொல்லித்தராத விஷயம். விருந்தாளி என்று நம்மை ஏசி அறையில் படுக்க வைப்பார்கள், ஹெல்மெட்டும் மூக்குக்கண்ணாடியும் நம்மோடு அங்கேயே இருக்கும். காலையில் அந்தச் சில்லிட்ட ஹெல்மெட்டோடு தெருவில் கால் வைத்தவுடன் கண்ணாடியின் வெளிப்பக்கமே பூத்துவிடும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பது போல. இதற்கு எந்த மருந்தும் வேண்டாம். ஹெல்மெட்டை இரவிலேயே கூடத்தில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு திண்ணையில் எடுத்து வையுங்கள்.

அடுத்தது சுத்தம். வடசென்னைக்கென்றே ஒரு தூசி இருக்கிறது. துறைமுகம், மணலி ஆலைகள், லாரிகள், கடல் உப்பு எல்லாம் கலந்தது. ஒரு நாள் வெளியே நிறுத்திய வண்டியின் சீட்டை விரலால் தடவிப் பாருங்கள், கறுப்பாகக் கொஞ்சம் பிசுபிசுப்போடு ஒட்டும். அதுதான் கண்ணாடியிலும் படிகிறது. அழுக்குக் கண்ணாடியில் ஆவியும் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் சட்டை நுனியால் துடைக்கவே துடைக்காதீர்கள். வைசர், அதாவது ஹெல்மெட் கண்ணாடி, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். காய்ந்த தூசியோடு தேய்த்தால் மெல்லிய கீறல்கள் விழும், இரவில் ஒவ்வொரு கீறலும் எதிர் விளக்கில் பளபளக்கும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு, அப்புறம் மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் மூன்றும் கூடாது, பாலிகார்பனேட்டைக் கெடுத்துவிடும். டூத்பேஸ்ட் தடவச் சொல்வார்கள். அதுவும் வேண்டாம், கீறிவிடும்.

வீட்டிலேயே இருக்கிற மருந்து பாத்திரம் கழுவும் லிக்விட். கழுவிக் காய்ந்த கண்ணாடியின் உள்பக்கம் மட்டும் ஒரே ஒரு சொட்டு விட்டு, விரலால் முழுக்கப் பரப்பி, ஐந்து நிமிடம் காயவிட்டு, துணியால் பார்வை தெளியும் வரை மெல்லத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மிஞ்சும். நீராவி அப்போதும் படியத்தான் செய்யும், ஆனால் துளித்துளியாக நிற்காமல் ஒரே தாளாகப் பரவிவிடுவதால் வெளிச்சம் சிதறாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். ஏற்கனவே ஆவி பிடிக்காத பூச்சு உள்ள வைசரில் இதைச் செய்யாதீர்கள், அந்தப் பூச்சு போய்விடும்.

ஒரு மாதம் தங்கி, தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பின்லாக் பொருத்தக்கூடிய வைசர் வாங்கிவிடுங்கள். பின்லாக் என்பது உள்ளே சிலிக்கோன் விளிம்போடு ஒட்டி நிற்கும் இன்னொரு தகடு, இடையில் சிறைப்பட்ட காற்று உள் தகட்டைக் குளிராமல் காக்கும். இந்த அளவுக்கு நிம்மதி தருவது வேறொன்றும் இல்லை. விலை கூடத்தான், ஆனால் யோசிக்க வேண்டியதில்லை. விளிம்பு வைசரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவிலேயே ஆவி புகுந்துவிடும், துடைக்க வழியிருக்காது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கையில் எடுத்து ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட் விற்கக்கூடாது என்பது சட்டம். சாலையோரத்தில் தொங்குகிற மலிவுச் சரக்கு வேண்டாம்.

ஓட்டும்போது தாடைக்குக் கீழே உள்ள காற்றுத் துளையையும் உச்சித் துளையையும் திறந்து வையுங்கள். மூக்கின் மேல் பொருந்துகிற மூச்சுத் தடுப்பு இருந்தால் மாட்டுங்கள், மூச்சு கீழே போய்விடும். வாய்க்குக் குறுக்கே கைக்குட்டை கட்டுவது தூசிக்கு நல்லதுதான், ஆனால் மூச்சு மேலே எழும்பி நேராக மூக்குக்கண்ணாடியில் போய் முட்டும். காசிமேட்டில் எக்ஸெல் வண்டியில் மீன் கூடையேற்றுகிற மாமா ஒருவர் எனக்குச் சொன்னது: "நிக்கும்போதுதான் தம்பி ஆவி புடிக்கும். சிக்னல்ல நின்னா தொறந்துடு, கிளம்பி ரெண்டு தெரு போனப்புறம் மூடு." ராயபுரம் சிக்னலில் செய்து பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. மூச்சை வெளியே தள்ளுவது ஓட்டத்தில் வருகிற காற்றுதான், நின்றுவிட்டால் அது இல்லை.

மழையில் நனைந்த ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். உள் பஞ்சு ஈரமாக இருந்தால் மறுநாள் அதுவே ஆவி. இரவில் மின்விசிறிக்கு அடியில் கவிழ்க்காமல் மல்லாத்தி வையுங்கள்.

பொங்கலுக்கு இருப்பவர்கள் போகி அன்று காலை எட்டு மணி வரை வண்டியைத் தொடவேண்டாம். பாயும் டயரும் எரிந்த புகை தெருவோடு தாழ்ந்து நிற்கும். 2018 போகியில் விமானங்களே சென்னையில் இறங்க முடியாமல் திரும்பின. அந்தப் புகைக்கு எந்தப் பூச்சும் உதவாது.

அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து வடிவுடையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனால் அவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம், இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். உங்கள் வெளிநாட்டு உரிமத்தோடு பைக் வகைக்கும் முத்திரை குத்திய இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கையில் இருக்கட்டும். அப்புறம், அம்மாவின் ஹெல்மெட் கண்ணாடியிலும் அந்த ஒரு சொட்டு லிக்விடைத் தடவிவிடுங்கள். முன்னால் பள்ளம் வருவதை முதலில் பார்த்துச் சொல்வது அவர்கள்தான்.