துறைமுகத் திட்டக் கருத்துக் கேட்பில் ஆமைக்காகப் பேசுவது எப்படி?

வடசென்னைக் கரையில் ஆமை முட்டை தேடி இரவில் நடக்கிற தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பக்கம் துறைமுகம், மின்நிலையம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையில் நன்மையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் கடலாமைக்கு அரைப் பக்கம் ஒதுக்குவதை, நன்மை தீமையை எடைபோடுவது என்று எப்படிச் சொல்வது? அந்த அரைப் பக்கத்தைத்தான் நாம் துருவ வேண்டும்.

முதலில் அந்த அறிக்கையைப் படித்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீசிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும். தமிழ்ச் சுருக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உயிரினப் பட்டியல் முழு அறிக்கையில்தான் கிடக்கும். ஆங்கிலம் தெரிந்த காலேஜ் பிள்ளை யாரையாவது கூட்டிப் போங்கள்.

அப்புறம், உயிரினக் கணக்கெடுப்பு எந்த மாதங்களில் நடந்தது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். பல திட்டங்களுக்கு ஒரே பருவத்தில் எடுத்த தரவே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பங்குனி ஆமை என்கிற கடலாமை எங்கள் மணலில் முட்டையிட வருவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. பழவேற்காட்டில் பூநாரைகள் குவிவதும் குளிர்காலத்தில். மே மாத வெயிலில் வந்து பார்த்தவருக்கு முட்டையிட ஏறும் ஆமை கிடைக்காது, பூநாரைக் கூட்டமும் பெரும்பாலும் கிளம்பியிருக்கும். "காணப்படவில்லை" என்று அவர் எழுதியது பொய்யாக இருக்காது; அதை வைத்து "பாதிப்பில்லை" என்று முடிவுகட்டுவதுதான் தவறு. "எந்த மாதம், எத்தனை இரவு, எந்தக் கடற்கரையில் நடந்தீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள்.

அடுத்தது அலைத்தடுப்புச் சுவர். ஆண்டு முழுக்கக் கூட்டிக்கழித்துப் பார்த்தால், நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் சுவர் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கரை போனது. அரித்த இடத்தில் பாறாங்கல் கொட்டுவார்கள். கல்லில் ஏறி ஆமை எங்கே குழி தோண்டும்? அறிக்கை வழக்கமாக 10 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தைத்தான் ஆராயும். அரிப்பும் அந்த எல்லையோடு நிற்குமா என்று கேளுங்கள்.

விளக்குகளையும் விடாதீர்கள். பொரிந்த குஞ்சு வெளிச்சம் கூடிய திசைக்குத்தான் ஓடும். அதனால் கடற்கரைப் பக்கம் ஒளி சிதறாத விளக்குகளை அனுமதியின் நிபந்தனையாகவே கேட்க வேண்டும்.

"கட்டாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் குறிப்பேட்டில் 'எதிர்ப்பு' என்ற ஒரு சொல்தான் மிஞ்சும். இருக்கிற துறைமுகங்களின் கொள்ளளவு முழுசாகப் பயன்படுகிறதா, வேறு இடம் பார்த்தார்களா, முட்டையிடும் மாதங்களில் கடலைத் தூர்வாரும் வேலையை நிறுத்துவார்களா என்று கேளுங்கள். தேவை என்கிற தட்டிலும் எடை சரிதானா என்று தெரிய வேண்டும், இல்லையா?

பேசியதை எழுதியும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கடைசியில் கூட்டக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது விதி. அதுவரை கலையாமல் இருந்து, உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். அதையும் மீறி அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் இருக்கிறது. முத்திரை வாங்கிய அந்த நகல் அங்கே தேவைப்படும்.