லென்ஸைத் தராசில் வைத்துப் பார்த்தபோது

60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இயங்கும் கம்பியில்லா இணைப்பு ஒன்றுக்காக, அந்த அலையைக் குவிக்க 10 செ.மீ. விட்டத்தில் ஒரு லென்ஸை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் எடுத்தேன். குவியத் தூரமும் 10 செ.மீ. ஹார்ன் ஆன்டெனாவை (கொம்பு போல வாய் விரிந்த ஆன்டெனா) அந்தக் குவியத்தில் வைத்தால் கணக்கிட்டதைவிட 10 டெசிபெல் குறைவாக, அதாவது பத்தில் ஒரு பங்குதான் சிக்னல் வந்தது. வளைவைத் திரும்பத் திரும்ப அளந்தேன், பிழையே இல்லை.

கடைசியில் சமையலறைத் தராசில் வைத்தேன். இருக்க வேண்டிய எடையில் 60 சதவீதம்தான்! ஸ்லைசர், அதாவது வடிவத்தை அடுக்கடுக்காகப் பிரித்து பிரிண்டருக்குத் தரும் மென்பொருள், உள்ளே தேன்கூடு போல வெற்றிடம் விட்டிருந்தது. 40 சதவீதம் காற்று என்றால் ஒளிவிலகல் எண் 1.64 எப்படி இருக்கும்? 1.42-க்கு இறங்கி, குவியம் 15 செ.மீ.க்கு ஓடிவிட்டது. ஹார்னைப் பின்னால் தள்ளினால் சிக்னல் ஏறியது. ஆனால் லென்ஸின் ஓரம் தாண்டி வீணாவதும் கூடியது. சரி என்று முழுக்க நிரப்பி மறுபடி அச்சிட்டேன். நேரம்தான் கொல்லும்.

இன்னொரு தொல்லை மிச்சம். ஹார்னை நகர்த்த நகர்த்த, ஒவ்வொரு 2.5 மி.மீ.க்கும், அதாவது அரை அலைநீளத்துக்கு ஒருமுறை, சிக்னல் ஏறி இறங்கியது. லென்ஸின் வெளிப்புறத் தட்டை முகத்தில் பட்ட அலை வந்த வழியே ஹார்னுக்குத் திரும்புகிறது. அந்த முகத்தில் சுமார் 1 மி.மீ. ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளங்கள் போட்டேன்; பாதி பிளாஸ்டிக், பாதி காற்று என்று அது இடைப்பட்ட அடுக்காகி எதிரொலிப்பைக் குறைத்தது, ஏற்றஇறக்கம் வெகுவாக அடங்கிவிட்டது.