அலுவலகத்துக்கு ஏஐ வருகிறது: உங்கள் குழுவைத் தயார்படுத்துவது எப்படி?

ஒரு ஏஐ டூலுக்குச் சந்தா கட்டி, எல்லோருக்கும் லாகின் கொடுத்து, ஒரு மணி நேர வகுப்பும் எடுத்துவிட்டால் ஊழியர்கள் தயார் என்று பல நிர்வாகிகள் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சிலர் அதைத் தொடுவதே இல்லை. சிலர் அது எழுதித் தந்ததைப் படிக்காமலேயே அனுப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், தொடாதவர்களால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை; படிக்காமல் அனுப்புகிறவர்களால்தான் தலைவலி. அதனால் ஏஐ-யிடம் கேட்கச் சொல்லிக்கொடுப்பதைவிட, அது தருவதைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுக்கத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

சிறிய குழுவை நடத்துகிற யாரும் கீழே உள்ளதைச் செய்யலாம். தொழில்நுட்பப் பின்னணி தேவையில்லை.

படி 1: பயத்தை முதலில் பேசிவிடுங்கள்

"என் வேலை போய்விடுமா?" என்பதுதான் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் எந்தப் பயிற்சியைத் தொடங்கினாலும் யார் காதிலும் ஏறாது. என்ன முடிவாகியிருக்கிறது, என்ன முடிவாகவில்லை என்பதை உள்ளபடி சொல்லுங்கள். காப்பாற்ற முடியாத உறுதிமொழி வேண்டாம். மிச்சமாகும் நேரம் கூடுதல் டார்கெட்டாக மாறுமா என்ற கேள்வியும் வரும். அதற்கும் பதிலோடு போங்கள்.

படி 2: வேலைகளைப் பட்டியலிடுங்கள்

பதவி வாரியாக யோசிக்காதீர்கள். ஒவ்வொருவரும் போன வாரம் செய்த வேலைகளை எழுதட்டும்: மெயில், அறிக்கை, கணக்குச் சரிபார்ப்பு, மீட்டிங் குறிப்பு, புகாருக்குப் பதில். ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஏஐ வரைவு எழுதலாம்", "உதவி மட்டும்", "கூடவே கூடாது" என ஏதாவது ஒன்றைக் குறிக்கச் சொல்லுங்கள்.

இதை ஊகித்து முடித்துவிட முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏஐ-க்குப் பொருந்திய வேலைகளில் அதைப் பயன்படுத்தியவர்கள் வேகமாகவும் நன்றாகவும் செய்தார்கள். ஆனால் அதன் திறனுக்கு அப்பாற்பட்டதாகத் தேர்ந்தெடுத்த ஒரு வேலையில், ஏஐ இல்லாமல் செய்தவர்களே அதிகம் பேர் சரியான விடைக்கு வந்தார்கள். பார்வைக்கு இரண்டு வகை வேலையும் ஒரே அளவு கடினமாகத்தான் தெரியும்.

படி 3: ஒரு பக்க விதித்தாள்

ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். எந்த டூல், எந்த லாகினில் பயன்படுத்தலாம், எதை டூலில் காப்பி செய்து ஒட்டக்கூடாது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. இவ்வளவு இருந்தால் போதும். வாடிக்கையாளர் விவரம், சம்பளம், பாஸ்வேர்டு, ஒப்பந்தம், வெளியிடாத கணக்கு ஆகியவை "ஒட்டக்கூடாது" பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். 2023-இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் மென்பொருள் நிரலையே சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டார்கள். அதன் பிறகு இப்படிப்பட்ட டூல்களுக்கு நிறுவனம் தடை போட்டது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வேலையை முடிக்கத்தான் செய்தார்கள்.

படி 4: சொந்த வேலையில் பயிற்சி

கவிதை எழுதச் சொல்லி விளையாடும் வகுப்பால் பயனில்லை. அவரவர் பட்டியலிலிருந்து ஒரு வேலையை எடுக்கட்டும். "வாடிக்கையாளருக்கு மெயில் எழுது" என்று கேட்டால் சப்பென்று ஒன்று வரும். இப்படிக் கேட்கப் பழக்குங்கள்:

"பொருள் நான்கு நாள் தாமதமாகும். இவர் பழைய வாடிக்கையாளர், ஏற்கெனவே ஒருமுறை தாமதமானதால் கோபத்தில் இருக்கிறார். மன்னிப்புக் கேட்டு, புதிய தேதியைச் சொல்லி, ஆறு வரிக்குள் எழுது. நான் சொல்லாத சலுகை எதையும் தருவதாக எழுதாதே."

கடைசி வரியைக் கவனியுங்கள். ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட், பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் கொடுத்தது. அதற்கு நிறுவனம்தான் பொறுப்பு என்று 2024-இல் கனடாவில் ஒரு தீர்ப்பாயம் சொல்லி, இழப்பீடு கொடுக்க வைத்தது.

படி 5: சரிபார்க்கும் பழக்கம்

இதற்கு மட்டும் தனியாக ஓர் அமர்வு வையுங்கள். இந்த டூல்கள் அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகின்றன. அதனால் சரியானதை எழுதும் அதே சரளத்தோடு தவறானதையும் எழுதும். தயக்கத்தை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை.

2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் சாட்ஜிபிடி தந்த வழக்குகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்கள். அப்படி வழக்குகளே கிடையாது. 5,000 டாலர் அபராதம். இதில் வேடிக்கை, "இந்த வழக்கு உண்மையா?" என்று அந்த டூலிடமே கேட்டிருக்கிறார் ஒருவர், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது! ஆகவே முதல் பாடம்: ஏஐ சொன்னதை ஏஐ-யிடமே கேட்டு உறுதிப்படுத்தக்கூடாது. மூல ஆவணத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

பயிற்சி எளிது. உங்கள் துறை சார்ந்த ஓர் அறிக்கையை ஏஐ-யிடம் வாங்கி, அதில் நீங்களே சில பிழைகளை நுழையுங்கள்: ஒரு தேதி, ஒரு கூட்டுத்தொகை, இல்லாத ஒரு விதி. இருவர் இருவராகப் பிழை தேடட்டும். அப்புறம் ஒரு நீண்ட ஆவணத்தின் சுருக்கத்தைக் கொடுத்து, எது விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள். இருக்கும் பிழையைப் பிடிப்பதைவிட இல்லாததைப் பிடிப்பது கஷ்டம்.

ஜோடி சேர்க்கும்போது ஒரு மூத்தவரையும் ஒரு புதியவரையும் சேருங்கள். வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஏஐ உதவியால் அதிகம் முன்னேறியவர்கள் புதியவர்கள்தான். கைதேர்ந்தவர்களுக்குப் பலன் குறைவு. ஆனால் தவறைத் தவறென்று அடையாளம் காண அனுபவம் வேண்டும், அது மூத்தவரிடம்தான் இருக்கிறது. "எனக்கெதற்கு இதெல்லாம்" என்று ஒதுங்குகிற மூத்தவரிடமே இறுதிச் சரிபார்ப்பை ஒப்படைத்துப் பாருங்கள், ஆர்வம் தானாக வரும்.

படி 6: ஒரு மாதம் கழித்து

எத்தனை பேர் லாகின் செய்தார்கள் என்பதை எண்ண வேண்டாம். சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு வேலைக்கு முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது என்று கேளுங்கள். சரிபார்க்கவே அதிக நேரம் போகிறதென்றால் அந்த வேலையைப் பழைய முறைக்கே திருப்பிவிடுங்கள். டூல் புதுப்பிக்கப்படும்போது மறுபடி சோதித்துக்கொள்ளலாம். விதித்தாளையும் அப்போதே திருத்தி, மேலே தேதி போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.