பத்து விழுந்ததா என்று பார்க்க ஓடும் கண்: துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு நாள், தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக ஏர் பிஸ்டலில் நான் பத்து, அதாவது டார்கெட்டின் நடு வட்டத்தில், சுட்ட அன்று, கோச் பின்னாலிருந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பாராட்டத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

"கையைத் திருப்பாதீங்க. அப்படியே இருங்க. பிஸ்டலை மொதல்ல டேபிள்ல வைங்க."

வைத்தேன்.

"இப்பச் சொல்லுங்க, என்ன விஷயம்?"

"சார், பாத்தீங்களா, பத்து" என்று சொல்லத்தான் உடம்போடு சேர்த்துக் கையையும் திருப்பியிருக்கிறேன். குழல் பக்கத்து லேன் பையனின் இடுப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சுட்டு முடித்த பிஸ்டல், உள்ளே பெல்லட் (ஏர் பிஸ்டலின் சின்னக் குண்டு) இல்லை. அதைச் சொன்னேன். "இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?" என்றார்.

அதற்குப் பிறகு சில வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வருபவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். காலையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல், சாப்பாட்டுக்குப் பிறகு 50 மீட்டரில் வெடிமருந்துக் குண்டு போடும் .22 ரைஃபிள். ஆள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஆசையிலிருந்து கிளம்புகின்றன: எங்கே பட்டது என்று உடனே பார்த்துவிட வேண்டும். அந்த ஆசை கழுத்தைத் தூக்க வைக்கும், விரலை அவசரப்படுத்தும், குறி பார்க்கும் சைட்டைத் திருக வைக்கும், என்னைப் போல ஆளையே திருப்பிவிடும்.

குழலும் விரலும்

குழல் எப்போதும் டார்கெட் பக்கம். தும்மல் வந்தாலும், பக்கத்தில் யார் கூப்பிட்டாலும், போனில் படம் எடுக்க ஆள் வந்தாலும் அப்படித்தான். படம் வேண்டுமென்றால் படம் எடுப்பவர் இடம் மாறட்டும்.

"ஸ்டாப்" என்று யார் கத்தினாலும் நின்றுவிட வேண்டும். கத்தியது நேற்றுச் சேர்ந்த சின்னப் பையனாக இருந்தாலும் சரி. பெல்லட்டை எடுத்துவிட்டு, குழலுக்குள் நிறக்கயிற்றை விட்டு, மேஜையில் வைத்து, ஒரு அடி பின்னால் வர வேண்டும். அந்தக் கயிறுதான் சேஃப்டி ஃபிளாக். குழலின் மறுமுனையில் அது நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். இதில் நான் அதிகம் பார்க்கிற தவறு, டார்கெட் பேப்பர் மாற்ற ஆட்கள் முன்னால் போயிருக்கும் நேரத்தில் "சும்மா கிரிப் ஸ்க்ரூவை மட்டும் டைட் பண்றேன்" என்று பிஸ்டலைத் தொடுவது. ஆள் முன்னால் இருக்கும்போது ஸ்க்ரூ, துணி, மூடி எதையும் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை.

விரல் விஷயம் புதியவர்களுக்குப் புரியவே கொஞ்ச நாளாகும். சினிமாவில் துப்பாக்கியைப் பிடித்த எல்லோருடைய விரலும் டிரிகரிலேயே இருக்கும். ஏர் பிஸ்டல் டிரிகர் குறைந்தது 500 கிராம் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது போட்டி விதி. அரை லிட்டர் பால் பாக்கெட்டின் எடை, அவ்வளவுதான். 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள்களுக்கோ அந்தக் குறைந்தபட்ச வரம்பே கிடையாது. மூச்சுப் பட்டால் விழும் அளவுக்கு லேசாக வைத்திருப்பவர்கள் உண்டு.

அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸுக்கு 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸில் நடந்ததைக் கேளுங்கள். 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி, கடைசி ஒரே ஒரு குண்டு பாக்கி. மற்றவர்களைவிட 3 புள்ளிக்கு மேல் முன்னால் இருக்கிறார். மேலிருந்து மெதுவாக டார்கெட்டுக்கு இறங்கி வரும்போதே விரல் டிரிகரில் பட்டுவிட்டது. விழுந்தது 4.4. தங்கம் போனது மட்டுமில்லை, பதக்கமே இல்லாமல் நான்காம் இடம். உலகத்தரம் வாய்ந்த விரலுக்கே இந்தக் கதி. நம் விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, குழலோடு ஒட்டி நீட்டியபடி இருக்கட்டும். சைட் டார்கெட்டுக்கு வந்த பிறகு உள்ளே போனால் போதும்.

அர்ஜுனன் பார்த்ததைப் பார்க்காதீர்கள்

துரோணர் கேட்ட கேள்வியும், "பறவையின் கண் மட்டும் தெரிகிறது" என்ற பதிலும் நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். பிஸ்டலில் அந்தப் பதிலைச் சொன்னால் ஃபெயில். டார்கெட் மங்கலாகத் தெரிய வேண்டும். கறுப்பு வட்டத்தின் ஓரம் ஈரக் காகிதத்தில் ஊறிய மை மாதிரி இருக்க வேண்டும். கூர்மையாகத் தெரிய வேண்டியது குழல் முனையில் இருக்கும் ஃப்ரண்ட் சைட், அதுவும் அதன் மேல் விளிம்பு.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் பிறகு மறக்காது. பிஸ்டலின் முன், பின் (ரியர்) இரண்டு சைட்டுக்கும் நடுவே 32 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் என்பது அதைப் போல 31 மடங்கு. ஃப்ரண்ட் சைட், ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. ஒதுங்கினால் பேப்பரில் பெல்லட் 31 மி.மீ. ஒதுங்கும். பத்தாம் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. 31 மி.மீ. தள்ளிப்போன பெல்லட் ஏழைத்தான் தொடும், அதுவும் ஓரத்தில். மாறாக, இரண்டு சைட்டும் ஒரே கோட்டில் இருந்து, கை மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்தது என்றால் பெல்லட்டும் 5 மி.மீ.தான் நகரும். அது இன்னும் பத்துதான்.

ஆகவே கை ஆடுகிறதே என்று கவலைப்படுவது வீண். எல்லோருக்கும் ஆடும். கை ஆடுவதைப் பார்த்துப் பயந்து கண் பேப்பருக்கு ஓடுகிறது பாருங்கள், அந்த நொடியில் சைட் கலைகிறது. குறியைக் கறுப்பின் நட்ட நடுவில் வைப்பதும் இதே பயத்தால்தான். கறுப்பின் மேல் கறுப்பு சைட்டை வைத்தால் விளிம்பே தெரியாது. வட்டத்துக்குக் கீழே, கொஞ்சம் வெள்ளை விட்டுக் குறி வையுங்கள். பெல்லட் மேலே ஏறிப் பத்தில் விழும்படி ரியர் சைட்டை அமைத்துக்கொள்ளலாம்.

ஒரு கண்ணை இறுக்கி மூடுவதையும் விட்டுவிடுங்கள். மூடிய கண்ணின் தசை திறந்த கண்ணையும் சேர்த்து இழுக்கும். அரை மணி நேரத்தில் நெற்றி வலிக்கும். கண்ணாடியில் அந்தக் கண்ணுக்கு முன்னால் பழைய விசிட்டிங் கார்டிலிருந்து ஒரு துண்டைச் செருகினால் போதும். போட்டியில் அதன் அகலம் 30 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

"இப்போ!" என்று இழுப்பவர்கள்

எங்கள் கிளப்பில் ஒரு டாக்டர் இருக்கிறார், அறுவைச் சிகிச்சை செய்கிற கை. பிஸ்டலைத் தூக்கினால் தூண் மாதிரி நிற்கும். ஆனால் பெல்லட்டெல்லாம் கீழே, இடது பக்கம். "சைட் சரியில்ல தம்பி" என்பார். ஒரு நாள் கோச் அவர் பிஸ்டலை வாங்கி, மறுபக்கம் திரும்பி நின்று லோடு செய்வதுபோலச் செய்து கொடுத்தார். உள்ளே பெல்லட் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டாக்டர் தூக்கினார், குறி வைத்தார், இழுத்தார். 'டிக்' என்று வெறும் சத்தம். குழல் முனை மட்டும் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஒரு அங்குலம் கீழே குனிந்து நின்றது. அவரே அதைப் பார்த்துவிட்டார். அதன்பின் சைட்டைக் குறை சொன்னதில்லை.

சைட் பத்துக்கு நேராக வரும் கணத்தில் மனசு "இப்போ!" என்று கத்தும். கத்தியதும் விரலோடு சேர்ந்து மொத்தக் கையும் இறுகும். சைட் ஆடிக்கொண்டிருக்கும்போதே விரல் மட்டும் தன் பாட்டுக்கு அழுத்தம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எப்போது விழும் என்று நமக்கே தெரியாமல் விழ வேண்டும். இதைப் பழக பெல்லட்டே தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல்களில் டிரிகர் மட்டும் இயங்கும் டிரை ஃபயர் வசதி உண்டு. டார்கெட்டைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து இருபது முப்பது முறை டிரை ஃபயர் செய்தாலே போதும். பத்து இல்லாத இடத்தில் பத்தைத் தேடக் கண்ணுக்கு வேலையில்லை. .22-இல் மட்டும் இதை யோசிக்காமல் செய்யாதீர்கள். குண்டு உட்காரும் அறை காலியாக இருந்தால், அடிக்கும் ஃபயரிங் பின் அந்த அறையின் விளிம்பையும் தன்னையும் கெடுத்துக்கொள்ளும். அதற்கென்று இருக்கும் போலிக் குண்டைப் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

தூக்கிய பிஸ்டலைச் சுடாமல் இறக்குவது தோல்வி என்று நினைப்பது இன்னொரு வியாதி. எட்டு, பத்து நொடிக்கு மேல் பிடித்தால் கண்ணில் பழைய பிம்பம் உறைந்துவிடும். சைட் நகர்ந்தாலும் நகராததுபோலவே தெரியும். போட்டியிலேயே 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். ஒன்றுக்கு 75 நொடி. இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்குவதற்குத்தான் அந்த நேரம்.

விழுந்த பிறகும் ஒரு நொடி, இரண்டு நொடி அதே நிலையில் நில்லுங்கள். பேப்பரைப் பார்க்கும் முன், "வலது பக்கம் எட்டு" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போனால் தவறு உங்களுடையது, சைட்டைத் தொடாதீர்கள். ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு கிளிக் திருகுபவர்களின் பேப்பர் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். பத்து குண்டு சுட்டு, உள்ளங்கையால் மூடுமளவுக்கு அவை ஒரே இடத்தில் கூடியிருந்தால் மட்டும், அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருகலாம்.

கையைக் கழுவி விட்டுச் சாப்பிடுங்கள்

பெல்லட் என்பது ஈயம். விரல் நுனியில் படிகிற சாம்பல் நிறம் அதுதான். அதோடு புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் ஒரு பக்கம். வேகமாக லோடு செய்வதற்காக பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். அவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சோப்புப் போட்டு, பச்சைத் தண்ணீரில், சாப்பிடும் முன்பும் வீட்டுக்குக் கிளம்பும் முன்பும் கழுவுங்கள். ரேஞ்சில் போட்ட துணியோடு வீட்டில் கைக்குழந்தையைத் தூக்காதீர்கள். கூடத்தை விளக்குமாறால் பெருக்குவதும் தப்பு, ஈயத்தூசி எழும்பும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ரைஃபிளுக்குத் தசை வேண்டாம்

மதியம் படுத்துக்கொண்டு சுடும்போது புதியவர்கள் ரைஃபிளைக் கையால் தூக்கிப் பிடிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் தோள் நடுங்கும். எடையை எலும்பும் ஸ்லிங் வாரும் தாங்க வேண்டும், கை தளர்ந்திருக்க வேண்டும். சோதிப்பது சுலபம். குறி வைத்துக் கண்ணை மூடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், திறங்கள். குறி பக்கத்தில் போய் நின்றால், ரைஃபிளைத் தள்ளி இழுக்காதீர்கள். முழங்கையை ஊன்றிய இடத்திலிருந்து எடுக்காமல் இடுப்பை நகர்த்துங்கள். மூடித் திறந்தபோது குறி தானாகவே பத்தில் நிற்கும்வரை உடம்பை மாற்றிக்கொண்டே இருக்கலாம். சைட் வளையம் 'திக் திக்' என்று ஒரே தாளத்தில் துடித்தால் அது பயமில்லை. ஸ்லிங் புஜத்தின் ரத்தக்குழாயை அழுத்துகிறது. இடத்தை மாற்றிக் கட்டுங்கள்.

இங்கேயும் அந்தப் பழைய ஆசை உண்டு. சுட்டதும் கன்னத்தை ஸ்டாக்கிலிருந்து (ரைஃபிளின் பின்கட்டை) தூக்கி எட்டிப் பார்ப்பார்கள். அடுத்த முறை கன்னம் அதே இடத்தில் உட்காராது, கண் வேறு உயரத்தில் இருக்கும், குண்டும் வேறு உயரத்தில் போகும். எங்கே பட்டது என்று பார்க்கும் தொலைநோக்கியை, அதாவது ஸ்கோப்பை, தலை அசையாமல் பார்க்கும்படி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து லேன் டார்கெட்டில் சுடுவதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். மறுபடியும் எம்மன்ஸ்தான். 2004 ஏதென்ஸ், அதே போட்டி, அதே கடைசிக் குண்டு. 7.2 எடுத்தாலே தங்கம். நன்றாகத்தான் சுட்டார், ஆனால் தன் இரண்டாம் லேனிலிருந்து மூன்றாம் லேன் டார்கெட்டில். பூஜ்யம், எட்டாவது இடம். அன்று மாலை அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனை கேத்தரினா குர்கோவா பின்னாளில் அவரையே மணந்தார் என்பது தனிக்கதை. நமக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை என்பதால், குறி வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் எண் பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

.22 சின்னக் குண்டு என்ற அலட்சியமும் வேண்டாம். ஒரு கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் காயப்படுத்தும். அதன் சத்தம் 140 டெசிபலை ஒட்டிப் போகும். காதில் இரைச்சல் வந்தால் போகாமலேயே நின்றுவிடலாம். கூரை போட்ட ரேஞ்சில் காதுக்குள் பிளக், அதன் மேல் மஃப், இரண்டுமே நல்லது. கண்ணாடி இல்லாமல் உட்காராதீர்கள். டிரிகர் விழுந்தும் வெடிக்கவில்லையா? உடனே திறந்து பார்க்கும் ஆசைதான் ஆபத்து. குழலை டார்கெட் பக்கமே வைத்து 30 நொடி காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று கேட்டால் இன்னும் மோசம்: குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுடாமல் கையைத் தூக்கி ஆளைக் கூப்பிடுங்கள்.

கிளம்பும் முன்

எங்கள் கோச் வாசலில் நின்று எல்லோரையும் பேண்ட் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்வார். சட்டைப்பை, பையின் அடி, ஜாக்கெட் மடிப்பு எல்லாம். பெல்லட் மறந்துபோனால் வாஷிங் மெஷினில் கடகடவென்று சுற்றும், என் வீட்டில் இரண்டு தடவை சுற்றியிருக்கிறது. .22 குண்டு அப்படியில்லை. மூன்று மாதம் கழித்து அதே பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் போனால் எக்ஸ்ரேயில் அது தெரியும். லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு குண்டு கையிலிருந்தாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்குதான். விமானத்தைத் தவற விட்டுவிட்டு, "சார், ரேஞ்சுக்குப் போன பை சார்" என்று போலீஸிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.