ஊர்ப் பத்திரிகைக்குப் பத்து நாள் பொறுப்பாசிரியர்: முதல் தடவை போகிறவர்களுக்கு

கம்பம், கூடலூர், குமுளி மாதிரி எல்லையோர ஊர்களில் நாலு பக்கத்தில் வரும் சின்ன வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர்தான் எல்லாம். மகள் கல்யாணம், ஆபரேஷன் என்று அவர் ஒதுங்கினால் இதழ் நின்றுவிடும். அந்த நாட்களைத் தாங்கிக்கொடுக்கத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

1. முதலில் ஆசிரியரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பக்கங்கள் எத்தனை மணிக்கு அச்சகம் போக வேண்டும், எந்த நிருபரை நம்பலாம், யாரோடு வழக்கு நடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதழின் அடியில் அச்சாகப் போவது அவர் பெயர். வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போடலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.

2. பழைய இதழ்கள் பத்தை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி விடாமல் படியுங்கள். ஊர்ப் பெயர் வண்டிப்பெரியாறா, வண்டிப்பெரியாரா? அந்தப் பத்திரிகையில் எழுதுகிறபடியே எழுதுங்கள்.

3. அப்புறம் எண்கள். பாதி நேரம் இதற்கே போகும், போகட்டும். முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டம் முதல் பக்க மூலையில் ஒரு சின்னக் கட்டமாக வரும். ஒரு மழைக்கால ராத்திரி, 126.4 அடி என்பது புரூஃபில், அதாவது அச்சுக்கு முன் திருத்தும் படியில், 146.4 என்று இருந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் தேக்க அனுமதித்ததே 142 அடிதான். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிள்ளைகளோடு படுத்திருக்கும் நம் ஆட்கள் அதைப் பார்த்திருந்தால்? அச்சு பிளேட் போடப் பத்து நிமிடம் இருக்கும்போது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, நான் புரூஃபில் விரல் வைத்துச் சரிபார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏலக்காய் விலையும் அப்படித்தான். புத்தடி, போடிநாயக்கனூர் ஏலத்தில் அதிகபட்ச விலை, சராசரி விலை இரண்டும் வரும். அதிகபட்சத்தை மட்டும் தலைப்பில் போட்டால் சின்ன விவசாயி ஏமாந்துபோவார். சராசரியை முன்னால் போடுங்கள்.

4. கேரளப் பக்கத்துக் கோயில் நோட்டீஸில் 'மேடம் 10' என்று இருந்தால் சித்திரை 10 என்று மாற்றிவிடாதீர்கள். மேடம் என்ற மலையாள மாதம் நம் சித்திரைதான், ஆனால் தேதி ஒரு நாள் தள்ளலாம். ஆங்கிலத் தேதியைக் கேட்டுப் போடுங்கள்.

5. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், குடும்பம், பள்ளி, குடியிருக்கும் பகுதி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. சின்ன ஊரில் எஸ்டேட் பெயரைச் சொன்னாலே வீடு தெரிந்துவிடும். நிருபர் எவ்வளவு வற்புறுத்தினாலும் எடுத்துவிடுங்கள்.

6. வாட்ஸ்அப்பில் வரும் யூனிகோட் செய்தியைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ, கௌ எல்லாம் சிதறலாம். கண்ணீர் அஞ்சலிப் பெயர்களை ஒருமுறை தனியாகப் பாருங்கள்.

7. கிளம்பும் நாளில் ஒரு நோட்டை ஒப்படையுங்கள்: வந்த விளம்பரப் பணம், ரசீது எண், போட வேண்டிய திருத்தங்கள், கோபமாகப் போன் செய்தவர்கள், அவர்களிடம் நீங்கள் சொன்ன பதில்.