நெட்வொர்க் மாறும் டிவி நிலையத்தில் செய்தி அறை ஊழியர்கள் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் ஓர் உள்ளூர் டிவி நிலையம், தனக்கு தேசிய நிகழ்ச்சிகளைத் தரும் நெட்வொர்க்கை இழக்கப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்றே செய்தி அறைக்குள் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும்: யாருக்கு வேலை போகும், யார் தப்புவார்கள் என்று. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். நெட்வொர்க் போனால் செய்தி நேரம் பெரும்பாலும் கூடும். என்பிசியோ சிபிஎஸ்ஸோ ஏபிசியோ நிரப்பிவந்த நேரத்தைச் செய்தியைவிட மலிவாக நிரப்ப வழி குறைவு. ஸ்டூடியோவும் ஆட்களும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். ஆபத்து பெரும்பாலும் பிறகுதான் வருகிறது. கூடிய நேரத்துக்கு ஈடாக விளம்பரமும் கேபிள் நிறுவனங்கள் தரும் கட்டணமும் வராதபோது, அதே நேரத்தைக் குறைந்த ஆட்களைக் கொண்டு ஓட்டச் சொல்வார்கள்.

நடந்தவற்றைப் பார்த்தால் இது விளங்கும். மயாமியின் 7-ஆம் சேனலான டபிள்யூஎஸ்விஎன் 1989 ஜனவரி 1-இல் என்பிசியை இழந்து ஃபாக்ஸுக்குப் போனது; செய்தியைப் பெருக்கி, அதை வைத்தே நிலைத்துவிட்டது. ஜாக்சன்வில்லின் டபிள்யூஜேஎக்ஸ்டி 2002-இல் சிபிஎஸ்ஸை விட்டுத் தனி நிலையமானது. அதுவும் செய்தியால் நின்றது. சான் பிரான்சிஸ்கோவின் கேஆர்ஓஎன் கதை வேறு. 2002 ஜனவரி 1-இல் என்பிசி போனது. 2005-இல் ஒருவரே கேமரா, எழுத்து, எடிட்டிங் மூன்றையும் பார்க்கும் முறைக்குச் செய்தி அறை மாற்றப்பட்டது. உரிமையாளரான யங் பிராட்காஸ்டிங் 2009-இல் திவால் மனு போட்டது. மூன்று நிலையங்களும் செய்தியைத்தான் நம்பின. உரிமையாளரின் கடன் சுமையும் அந்த ஊர்ச் சந்தையில் நிலையத்துக்கு இருக்கும் இடமும்தான் முடிவை மாற்றுகின்றன. உங்கள் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்றால், அதன் காலாண்டு அறிக்கையில் கடன் எவ்வளவு, எப்போது திருப்ப வேண்டும் என்று இருக்கும். மேலாளரின் ஆறுதல் பேச்சைவிட அந்தப் பக்கம் பயன்படும்.

முதலில் மணிக்கணக்கு

ஒரு தாளில் வாரம் ஏழு நாளுக்கும் 24 மணி நேரக் கட்டம் போடுங்கள். இன்று நெட்வொர்க் நிரப்பும் கட்டங்களுக்கு ஒரு நிறம், உள்ளூர்ச் செய்திக்கு ஒரு நிறம். மூன்று பெரிய நெட்வொர்க்குகளும் வாரம் 22 மணி நேரம் பிரைம் டைம் (இரவின் உச்ச நேர) நிகழ்ச்சி தருகின்றன: திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிறு நான்கு. ஃபாக்ஸ் தருவது 15 மணி நேரம்தான். கிழக்கு நேரப்படி இரவு 10 மணிக்கு ஃபாக்ஸ் முடிந்துவிடும். காலை நிகழ்ச்சியும், மாலை 6.30 தேசியச் செய்தியும் அதில் கிடையாது.

நெட்வொர்க்கே இல்லாமல் போனால் பொதுவாக முதலில் செய்தியாக மாறும் கட்டங்கள் இவை: காலை 7 முதல் 9 வரை வாரத்தில் 10 மணி நேரம், மாலை 6.30-க்கு இரண்டரை மணி நேரம், இரவு 10 மணிக்கு ஏழு மணி நேரம். கூட்டினால் வாரம் பத்தொன்பதரை மணி நேரம் கூடுதல்.

இதை ஆட்களாக மாற்றுங்கள். ஒரு மணி நேர புல்லட்டினுக்கு ஒரு புரொட்யூசர் என்பது தாங்கக்கூடிய அளவு. காலையின் இரண்டு மணி நேரத்துக்கு இருவர், வார நாள் இரவு 10-க்கு ஒருவர், வார இறுதிக்கு ஒருவர் என்று குறைந்தது நான்கு பேர் தேவை. 6.30-ஐ ஆறு மணி புரொட்யூசர் தலையில் கட்டுவார்கள். அதையும் எழுதி வையுங்கள். பிறகு எடிட்டர், அசைன்மென்ட் டெஸ்க் (அழைப்புகளை வாங்கி ரிப்போர்ட்டர்களை அனுப்பும் மேசை), பிசிஆர் (ஒளிபரப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறை) ஷிஃப்ட் ஒவ்வொன்றையும் இப்படியே போடுங்கள். அறிவிக்கப்பட்ட புதிய பணியிடங்கள் இந்தக் கணக்குக்குப் பாதியளவுகூட இல்லை என்றால், யாரையும் நீக்காமலே வேலை இரட்டிப்பாகப்போகிறது என்று அர்த்தம். செய்தி இயக்குநரிடம் பேசப் போகும்போது இந்தத் தாளோடு போங்கள். பயத்தைச் சொன்னால் தட்டிக்கழிக்கலாம், கட்டம் போட்ட கணக்கை அவ்வளவு எளிதில் தட்ட முடியாது.

உள்ளடக்கக் கணக்கும் அவசியம். ஒரு மணி நேர புல்லட்டினில் விளம்பரம் கால் மணி அளவு போய்விடும். வானிலை, போக்குவரத்து, விளையாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மிச்சமுள்ள முப்பத்துச் சொச்ச நிமிடத்தை நிரப்ப ரிப்போர்ட்டர் குரலோடு முழுதாகத் தொகுத்த செய்தியான பேக்கேஜ் எட்டும், படத்தோடு வாசிக்கும் சிறு செய்திகள் முப்பதும் வேண்டும். இதுவரை வெளியூர், வெளிநாட்டுப் படங்கள் நெட்வொர்க்கின் செய்திப் பகிர்வு சேவையில் இருந்து வந்தன: சிபிஎஸ் நிலையத்துக்கு நியூஸ்பாத், ஏபிசி நிலையத்துக்கு நியூஸ்ஒன், என்பிசி நிலையத்துக்கு நியூஸ் சேனல். மாறும் நாளில் அந்தக் குழாய் அடைபடும். சிஎன்என் நியூஸ்சோர்ஸ், ஏபி, ராய்ட்டர்ஸ் போன்றவற்றில் எதற்குச் சந்தா கட்டப்போகிறார்கள், எந்தத் தேதியில் இருந்து என்று அறிவிப்பு வந்த வாரமே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த நேரமெல்லாம் உள்ளூர் ரிப்போர்ட்டர்கள் தலையில்தான் விழும்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரிகள்

திரையில் தோன்றுபவர்களுக்கும் பல புரொட்யூசர்களுக்கும் தனி ஒப்பந்தம் இருக்கும். காலாவதித் தேதியை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்று மேலே இருக்கும். உள்ளே, 13 அல்லது 26 வாரத்துக்கு ஒருமுறை நிலையம் மட்டும் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் கையில் இருப்பது உண்மையில் 13 வார வேலை. ஊழியர் விலகிக்கொள்ளும் வரிகளையும் தேடுங்கள். பெரிய நகர நிலையமோ நெட்வொர்க்கோ அழைத்தால் போகலாம் என்பது வழக்கமாக இருப்பது. நிலையம் நெட்வொர்க்கை இழந்தால் போகலாம் என்ற வரி அரிது. ஆனால் மாற்றம் அறிவித்த பிறகு புதுப்பிக்கச் சொல்லி அழைத்தால் அதைக் கேட்கச் சரியான நேரம் அதுதான். அனுபவமுள்ளவர்கள் ஓடிவிடக்கூடாது என்று நிலையம் கவலைப்படும் சில வாரங்கள் அவை.

போட்டி நிலையத்துக்குப் போகத் தடை விதிக்கும் வரியைக் கண்டு பயப்படும் முன்பு மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். மாசசூசெட்ஸ், நியூயார்க், இல்லினாய், கனெக்டிகட், மேய்ன், அரிசோனா ஆகியவற்றில் ஒளிபரப்பு ஊழியர்களை இப்படிக் கட்டிப்போடுவதற்கு எதிராகத் தனிச் சட்டமே உண்டு. மேலாளர்களுக்குச் சில இடங்களில் அது பொருந்தாது. பாஸ்டனில் 2017 ஜனவரி 1-இல் டபிள்யூஹெச்டிஹெச்சிடம் இருந்து என்பிசி விலகித் தன் சொந்த நிலையத்தைத் தொடங்கியது போன்ற நேரத்தில், இந்தச் சட்டம் ஒருவரின் அடுத்த வேலையையே தீர்மானிக்கும். சட்டம் இல்லாத மாநிலத்தில் ஆறு மாதம், ஓராண்டு தடை சாதாரணம். நிலையமே உங்களை நீக்கினாலும் தடை தொடருமா என்பதை வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். ஒரு மணி நேரக் கட்டணம் இதில் வீண் போகாது.

முதல் மறுப்புரிமை என்று ஒன்றும் இருக்கும்: வேறு நிலையம் தரும் சம்பளத்தை இப்போதைய நிலையமும் தந்து உங்களை நிறுத்திக்கொள்ளலாம். அந்த வரி இருந்தால், வாய்ப்பு வந்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டிய நாள் கணக்கைத் தவறவிடாதீர்கள்.

உங்கள் டெமோ ரீலை இப்போதே புதுப்பியுங்கள். ஒளிபரப்பானதை மட்டும், அனுமதி கேட்டு எடுங்கள். நீக்கும் நாளில் கணினி நுழைவு காலையிலேயே மூடப்படும். அதற்குப் பிறகு ஒரு விநாடிகூட எடுக்க முடியாது. ஒளிபரப்பாத காட்சிகளை எடுத்துப் போனால் வழக்காகும். நிலையத்தின் பெயரோடு தொடங்கிய சமூக ஊடகக் கணக்கு யாருடையது என்றும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

மாறும் நாளுக்கு முந்தைய வேலைகள்

அதிகம் சறுக்குவது ஆவணக் காட்சிகளில்தான். பழைய நெட்வொர்க்கின் காட்சியை, அந்த உரிமை முடிந்த பிறகு ஒளிபரப்பினால் பதிப்புரிமைக் கோரிக்கை வரும். பல நிலையங்களில் சர்வரில் ஏற்றும்போது ‘யாருடைய காட்சி’ என்று குறிப்பதே இல்லை. குறைந்தது எட்டு வாரம் முன்பே தொடங்கி, அடிக்கடி எடுக்கும் காட்சிகளுக்காவது மூலத்தைக் குறியுங்கள். மூலம் தெரியாததைத் தனி ஃபோல்டரில் பூட்டி வையுங்கள். இணையதளத்தில் இருக்கும் பழைய செய்திகளுக்குள்ளும் அதே காட்சிகள் இருக்கும், அவை தாமாகவே வந்து விழும் ஃபீடும் ஓடிக்கொண்டிருக்கும். நள்ளிரவுக்குப் பிறகும் அது நிற்காமல் ஓடியது என்பதுதான் வழக்கமான புகார்.

பெயர் மாற்றம் சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் கண்ணில் படாத இடங்களில் பழைய சின்னம் ஒளிந்திருக்கும்: மைக்கில் மாட்டும் லோகோ, நேரலை வண்டி, வானிலை கிராபிக்ஸின் மூலை, தானியங்கிப் பிசிஆரின் ஒவ்வொரு டெம்ப்ளேட், மொபைல் அறிவிப்பு, பதிவுசெய்த தொலைபேசிக் குரல். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரைப் போடுங்கள். ‘கிராபிக்ஸ் டீம் பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள். மாறுவதற்கு முந்தைய வாரம் ஒளிபரப்பாமல் ஒரு முழு புல்லட்டினைப் புது டெம்ப்ளேட்டில் ஓட்டிப் பாருங்கள்.

அசைன்மென்ட் டெஸ்க்குக்கு ஒரு பக்கப் பதில் தாள் கொடுங்கள். கால்பந்து எந்த சேனலில், தொடர் எங்கே போனது, ஆன்டெனா வைத்திருப்பவர்கள் சேனல்களை மறுபடி தேட வேண்டுமா: முதல் வாரம் முழுக்க இந்த அழைப்புகள்தான். டெஸ்க்கில் ஒருவரே இருக்கும் இரவு ஷிஃப்டில் இந்த அழைப்புகளுக்கு நடுவே தீயணைப்புத் துறையின் அழைப்பு தவறிவிடும். அந்த வாரத்துக்குத் தனியாக ஓர் ஆளைக் கேட்டு வாங்குங்கள்.

நெட்வொர்க் வந்து சேரும் பக்கம்

எதிர்ப்பக்கத்தில் வேலை திறக்கும் என்று உடனே விண்ணப்பிக்கத் தோன்றும். முதலில் அந்த நிலையத்துக்குச் செய்தி அறை இருக்கிறதா என்று பாருங்கள். 1993 டிசம்பரில் ஃபாக்ஸ், என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஒளிபரப்பு உரிமையை சிபிஎஸ்ஸிடம் இருந்து பறித்தது; 1994 மே மாதம் நியூ வேர்ல்ட் நிறுவனத்தின் 12 நிலையங்களைத் தன் பக்கம் இழுப்பதாக அறிவித்தது. டெட்ராய்ட்டில் இடமிழந்த சிபிஎஸ் 62-ஆம் சேனலை வாங்கி டபிள்யூடபிள்யூஜே ஆக்கியது. அங்கே முழு அளவிலான செய்தித் துறை வந்தது 2023 ஜனவரியில். 2025 ஆகஸ்ட் 4-இல் மயாமியில் ஏபிசி, டபிள்யூபிஎல்ஜியை விட்டு, டபிள்யூஎஸ்விஎன் உரிமையாளர் நடத்தும் சேனலுக்குப் போனது. அங்கே செய்தி அறை ஏற்கெனவே இருந்தது. ஒரே அறை இரண்டு சேனலுக்குச் செய்தி தரும் இடத்தில் புதிய பணியிடம் வரும், ஆனால் முழு அறை அளவுக்கு வராது. விண்ணப்பிக்கும் முன் எத்தனை மணி நேரம் புதிதாக அறிவித்திருக்கிறார்கள் என்று பார்த்து, மேலே சொன்ன கட்டத்தை அவர்களுக்கும் போடுங்கள்.

நீக்கக் கடிதம் வந்தால்

அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர் வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரவேண்டும் என்றால், யோசிக்க 21 நாள் தர வேண்டும். கூட்டமாக நீக்கினால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். கூட்ட நீக்கத்தில், யாரை நீக்கினார்கள், யாரை வைத்துக்கொண்டார்கள் என்று பதவி, வயது வாரியான பட்டியலும் தர வேண்டும். அதைக் கவனமாகப் படியுங்கள்.

கூட்டாட்சிச் சட்டப்படி 60 நாள் முன்னறிவிப்பு, குறைந்தது 100 முழு நேர ஊழியர்கள் உள்ள நிறுவனம் ஒரே இடத்தில் 50 பேரையாவது நீக்கும்போதுதான் பொதுவாகப் பொருந்தும். உள்ளூர்ச் செய்தி அறையில் பதினைந்து பேர் நீக்கம் அதில் அடங்காது. நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் மாநிலச் சட்டம் 90 நாள் கேட்கிறது. நியூஜெர்சியில் அந்தச் சட்டத்துக்குள் வரும் நீக்கத்துக்கு ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளமும் கட்டாயம். சாக்-ஆஃப்ட்ரா, நாபெட் போன்ற தொழிற்சங்கம் உங்கள் நிலையத்தில் இருந்தால், பணிமூப்பு வரிசையும் திரும்ப அழைக்கும் பட்டியலும் உண்டா என்று சங்கப் பிரதிநிதியிடம் அன்றே கேளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை கோப்ரா திட்டத்தில் 18 மாதம் வரை தொடரலாம். முழுப் பிரீமியமும் அதற்கு மேல் 2 சதவீதமும் நீங்களே கட்ட வேண்டும். முடிவெடுக்க 60 நாள் இருக்கிறது, எடுத்தால் இழந்த நாளில் இருந்தே பொருந்தும். அரசுச் சந்தைக் காப்பீட்டுக்கும் 60 நாள் சாளரம் உண்டு. இரண்டையும் ஒப்பிட்ட பிறகு தேர்ந்தெடுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கும் ஒளிபரப்புப் பொறியாளர்களுக்கும் மென்பொருள் ஊழியர்களுக்கும் கணக்கு இன்னும் இறுக்கமானது. வேலை முடிந்ததில் இருந்து அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 (நாட்டில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் பதிவு) முடியும் நாள், எது முன்னதோ அது. விலகல் தொகையை எத்தனை மாதம் பிரித்துக் கொடுத்தாலும் இந்த 60 நாள் நீளாது. ஆகவே கடைசி வேலை நாள் எது என்று கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியைச் சில வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று, தொகையைப் பற்றிப் பேசும் முன்பே கேளுங்கள்.